உலு கிள்ளான் மலைச்சரிவுகள் – ஒரு வரலாற்று நோக்கு

மலையோடு வாழ்ந்த மக்களின் மொழியில் மலைக்குப் பல பெயர்கள் இருப்பது இயல்பு. தமிழில் வெற்பு, பொருப்பு, வரை, குன்று, சிலம்பு, ஓங்கல் என்று மலைக்குப் பெயர்கள் பல. மலையின் உறுப்புகளுக்கும் பெயர்கள் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பக்கமலை அடுக்கம் எனப்பட்டது; பிளவு விடர் எனப்பட்டது; சரிந்து இறங்கும் பக்கம் சாரல் எனப்பட்டது. இவற்றுள் சாரல் என்னும் சொல் சற்று நின்று நோக்கத்தக்கது. மலையின் சரிந்த பக்கமும் சாரல்; காற்றோடு வந்து வீசும் மென்மழையும் சாரல். வகுப்பறையில் இதனைப் பலபொருள் ஒருசொல் என்று கூறி அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகிறோம். ஆயினும், சரிவையும் மழையையும் ஒரு சொல்லுக்குள் வைத்த அந்தப் பொருத்தம், கிள்ளான் பள்ளத்தாக்கின் கடந்த அரை நூற்றாண்டு வரலாற்றை அறிந்தோர்க்கு வெறும் மொழி விளையாட்டாகத் தோன்றாது.

கோலாலம்பூர் ஆற்றின் கொடை. தித்திவங்சா மலைத்தொடரை ஒட்டிய குன்றுகளில் பிறக்கும் கிள்ளான் ஆறு, உலு கிள்ளான் வழியாக இறங்கி, கோம்பாக் ஆற்றோடு கூடி, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகச் சென்று, கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. 1857ஆம் ஆண்டில் ஈயம் தோண்ட வந்தவர்கள் இவ்வாற்றின் வழியேதான் படகேறி வந்து, இரு ஆறுகளும் கூடும் இடத்தில் இறங்கி, அம்பாங் நோக்கி நடந்தார்கள். 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து அத்தாப்புக் கூரை நகரை அழித்தபின், செங்கல்லால் கட்ட வேண்டும் என்னும் ஆணை பிறந்தது. ஆற்றோரக் களிமண்ணைச் சுட்ட சூளைகளின் பெயரே பிரிக்பீல்ட்ஸ் என்று நிலைத்தது. மலை கரைந்து ஆற்றில் இறங்கிய மண்ணே நகருக்குச் சுவராயிற்று எனலாம். தாழ்நிலத்து வெள்ளத்தை இந்நகரம் தொடக்கத்திலேயே அறிந்துகொண்டது. 1926இலும் 1971இலும் நேர்ந்த பெருவெள்ளங்கள் அந்த அறிவை மறக்கவிடவில்லை. மேட்டுநிலத்தின் ஆபத்தை அது அறிய நெடுங்காலம் ஆயிற்று. காரணம் எளிது. மேட்டில் வீடு கட்டி வாழ்ந்தோர் அந்நாளில் மிகச் சிலர்.

உலு கிள்ளான் குன்றுகளின் உள்ளீடு கருங்கல். ஆயினும், அங்கே மண்வெட்டியால் வெட்டுகிறவர் கையில் முதலில் தட்டுப்படுவது கல்லன்று. செம்மஞ்சள் நிறத்து மண். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழையும் ஓயாத வெப்பமும் சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகளாகக் கருங்கல்லை அதன் இடத்திலேயே சிதைத்து மண்ணாக்கியுள்ளன. சில இடங்களில் இந்த மண் முப்பது மீட்டர் ஆழம்வரை செல்லும். அதற்குள் சிதையாத உருண்டைப் பாறைகளும், மூலக்கல்லில் இருந்த வெடிப்புகளின் தடங்களும் மறைந்து கிடக்கும். உலர்ந்திருக்கும்போது இம்மண் வியக்கத்தக்க வலிமை உடையது. செங்குத்தாக வெட்டினாலும் பல்லாண்டுகள் நிற்கும். மண்துகள்களுக்கு இடையே உள்ள சிறிதளவு ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருப்பதே காரணம். கடற்கரையில் ஈரமணலால் கோபுரம் கட்டும் குழந்தைக்கும் இது தெரியும். ஈரம் மிகுந்து துளைகள் முழுவதும் நீரால் நிரம்பும்போது அந்தப் பிடிப்பு மறைகிறது. மேலும் நீர் சேர்ந்தால், அதன் அழுத்தம் துகள்களை ஒன்றைவிட்டு ஒன்றாகத் தள்ளத் தொடங்குகிறது. மண்ணைத் தாங்குவது துகளுக்கும் துகளுக்கும் இடையிலான அழுத்தமே என்பதை 1920களில் தெளிவுபடுத்தியவர் கார்ல் டெர்சாகி என்னும் பொறியியல் அறிஞர். அதன்பின்னரே மண்ணியல், கணக்கிடத்தக்க ஒரு துறையாயிற்று.

கணக்கு அறியாமலும் இதனை அறிந்திருந்தவர்கள் உண்டு. மலாயாவின் மேட்டுநிலத் தோட்டங்களில் ரப்பர் நட்டவர்கள் தொடக்கத்தில் புல்பூண்டு ஒன்றும் இல்லாமல் நிலத்தை வழித்துத் துடைத்து வைப்பதே நல்ல வேளாண்மை என்று எண்ணினார்கள். சில மழைக்காலங்களுக்குள் மேல்மண் ஆற்றுக்குச் சென்றது, ஆறுகள் தூர்ந்தன. பின்னர் முறை மாறிற்று. சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் படித்தளங்கள் வெட்டப்பட்டன. ஓடும் நீர் தங்கிச் செல்லக் குழிகள் தோண்டப்பட்டன. மரங்களுக்கிடையே அவரைக் குடும்பத்துக் கொடிகள் படரவிடப்பட்டன. அந்த மண்வெட்டிகளைப் பிடித்தவை பெரும்பாலும் தமிழ்க் கைகள். மலைநீரைத் தடுக்கக்கூடாது, அதற்கு வழிகாட்ட வேண்டும் என்பது தோட்டத்துக் கங்காணிக்கும் தெரிந்த செய்தி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாக மாறியபோது நிலம் கைமாறியது. நிலத்தைப் பற்றிய அந்த அறிவு கைமாறவில்லை. இக்கருத்து மறுக்கப்படலாம், ஆனால் பின்னர் நடந்தவற்றைப் பார்க்கையில் வேறு முடிவுக்கு வருதல் அரிது.

ஒரு சரிவு நிற்குமா, சரியுமா என்னும் கேள்வியை ஒவ்வொரு நாளும் கேட்டு, அதற்கு விடைகூறும் முறையை வளர்த்தவர்கள் பனிமலை நாட்டவர். வெப்பநாட்டு மாணவர்க்குப் பனி அயலானது. ஆயினும் அவர்களுடைய முறையைச் சிறிது அறிந்துகொண்டால் உலு கிள்ளானின் கதை தெளிவாக விளங்கும்.

குளிர்காலத்தில் விழும் பனி ஒரே பொருளாகக் குவிவதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. ஒரு வாரம் வானம் தெளிந்து கடுங்குளிர் அடித்தால், அடியிலுள்ள பனி பெருஞ்சர்க்கரை மணிகளைப்போல் ஒட்டாத துகள்களாக மாறிவிடும். அதன்மேல் காற்று கொண்டுவந்து குவிக்கும் புதுப்பனி இறுகிய பலகையாக அமையும். மேலே பலகை, கீழே மணி, அடியில் சரிவு. இந்த நிலையில் பனிச்சறுக்குப் பலகை அணிந்த ஒருவரின் எடையே பல நூறு மீட்டர் அகலமுள்ள பனியைப் பெயர்த்துவிடும். பனிச்சரிவில் சிக்குவோரில் மிகப் பெரும்பாலோர், தாமோ தம் குழுவினரோ தூண்டிய சரிவிலேயே சிக்குகின்றனர்.

எனவே மலையேறுவோர் புறப்படுமுன் சில வினாக்களைக் கேட்கப் பழகினர். சரிவின் கோணம் என்ன? 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சரிவுகளே பெரும்பாலும் பலகையாகப் பெயர்வன. கடந்த இரண்டு மூன்று நாட்களில் எவ்வளவு பனி விழுந்தது, காற்று எப்பக்கம் வீசியது, வெப்பம் திடீரென ஏறியதா? அண்டைச் சரிவுகளில் ஏதேனும் சரிந்துள்ளதா? காலடியில் ‘வும்’ என்னும் ஒலியோடு பனி அமர்கிறதா? விரிசல் ஓடுகிறதா? ஐயம் தீராவிடில் பனியில் ஒரு குழி வெட்டுவார்கள். குழியின் சுவரில் அடுக்குகளைக் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். முதலில் முட்டி, பிறகு நான்கு விரல், ஒரு விரல், பென்சில், இறுதியில் கத்தி. எது எளிதில் நுழைகிறதோ அதைக்கொண்டு அந்த அடுக்கின் உறுதியை அளப்பர். பின்னர் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பனித்தூணைத் தனியே வெட்டி நிறுத்தி, அதன் தலையில் மணிக்கட்டிலிருந்து பத்து முறை, முழங்கையிலிருந்து பத்து முறை, தோளிலிருந்து பத்து முறை என்று தட்டுவர். எத்தனையாவது தட்டில் எந்த அடுக்கு வழுக்குகிறது என்பது குறித்துக்கொள்ளப்படும். இச்சோதனை தேறினாலும் பிற அறிகுறிகள் தீயவையாயின் திரும்பிவிடுவதே முறை. ஒரு குழி அந்த ஓர் இடத்தைப் பற்றியே பேசும். பத்தடி தள்ளி மலை வேறுவகையாக இருக்கலாம்.

சுவிட்சர்லாந்து இதனைத் தனிமனிதர் பொறுப்பில் மட்டும் விட்டுவைக்கவில்லை. டாவோஸ் நகருக்கு மேலே, 2,600 மீட்டருக்கு அதிகமான உயரத்தில், 1936இல் ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. 1942இல் அது பனி ஆய்வு நிறுவனமாயிற்று. 1945 முதல் பொதுமக்களுக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியாகிறது. 1950-51 குளிர்காலத்தில் அந்நாட்டில் 98 பேர் பனிச்சரிவுகளில் மாண்டபின், எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கும் வரைபடங்கள் வரத் தொடங்கின. ஐந்து படிகள் கொண்ட ஐரோப்பிய அபாய அளவுகோல் ஏற்கப்பட்ட ஆண்டு 1993. அந்த ஆண்டை நினைவிற் கொள்க.

பனிமலையோடு தமிழர்க்குத் தொடர்பே இல்லை என்றும் கூறிவிட முடியாது. 1969இல் இந்தியப் பாதுகாப்புத் துறை மணாலியில் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தது. 2016 பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சின் பனியாற்றில் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையை ஒரு பெருஞ்சரிவு மூடியபோது, அதனடியில் புதைந்த பத்து வீரர்களும் மதராசு ரெஜிமெண்டின் 19ஆம் படையணியைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். ஆறு நாட்களுக்குப் பிறகு உயிரோடு தோண்டி எடுக்கப்பட்ட அனுமந்தப்பா கொப்பத் என்னும் கன்னட வீரரும் பிப்ரவரி 11இல் தில்லியில் உயிர் நீத்தார்.

பனியிலும் மண்ணிலும் விதி ஒன்றே. கீழே இழுக்கும் விசை ஒருபுறம். பிடித்து நிறுத்தும் விசை மறுபுறம். பின்னதை முன்னதால் வகுத்தால் வரும் எண் ஒன்றுக்கு மேல் இருக்கும்வரை சரிவு நிற்கும். வகுபடும் எண்ணைக் குறைப்பது பனிமலையில் நலிந்த அடுக்கு, இங்கே மழைநீர். வகுக்கும் எண்ணைக் கூட்டுவது அங்கே புதுப்பனியின் சுமை. இங்கே நனைந்த மண்ணின் எடையும் மனிதன் ஏற்றிய கட்டடமும். கோணம் இரண்டிற்கும் பொது.

இனி உலு கிள்ளானுக்கு வருவோம். 1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. நகரம் விரிந்தது, அதன் கிழக்கெல்லைக்கு வெளியே, சிலாங்கூர் மாநிலத்துக்குள் அமைந்த குன்றுகள் வசதி படைத்தோரின் கண்ணைக் கவர்ந்தன. குளிர்ந்த காற்று, நகரின் காட்சி, நகருக்கு அண்மை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கிடைத்தன. 1970களின் நடுப்பகுதிக்குப் பின் ஒரு செங்குத்தான குன்றின் அடியில், கட்டம் கட்டமாக, பன்னிரண்டு மாடிகள் கொண்ட மூன்று கட்டடங்கள் எழுந்தன. அவையே ஹைலண்ட் டவர்ஸ்.

கட்டடங்களுக்குப் பின்னாலிருந்த சரிவு படிப்படியாக வெட்டப்பட்டு, கற்சுவர்களால் தாங்கப்பட்டிருந்தது. அச்சரிவில் இயற்கையாக ஓடிய ஓர் ஓடை குழாய் வழியே திருப்பிவிடப்பட்டது. ஒப்புதல் பெற்ற வடிகால் அமைப்பில் ஒரு சிறு பகுதியே உண்மையில் கட்டப்பட்டது என்பது பின்னாளில் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் குன்றின் மேற்புறத்தில் புக்கிட் அந்தாராபங்சா வீடமைப்புப் பணிக்காக மரங்கள் வெட்டப்பட்டன. வேர் பிடித்திருந்த மண் திறந்த வெளியாயிற்று. மேலிருந்து வந்த நீரும் சேறும் அதே குழாய்க்குள் புகுந்தன.

கட்டடங்களின் அடித்தளத்தைப் பற்றி ஒரு செய்தி கூறவேண்டும். அவை நின்றது தண்டவாள இரும்புகளைப் பற்றவைத்து நிலத்தில் இறக்கிய தூண்களின்மேல். தண்டவாளம் இந்நாட்டுத் தமிழர் வரலாற்றோடு ஒட்டிய சொல். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி 1886இல் ஓடத் தொடங்கிய இருப்புப்பாதையில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் பிரிக்பீல்ட்ஸில் தலைமுறைகளாக வாழ்ந்தனர். தண்டவாளம் மேலிருந்து வரும் சுமையைத் தாங்க வல்லது. இரயில் ஓடுவது அதனால்தான். நிலத்துக்குள் நிறுத்தப்பட்ட மெல்லிய இரும்பைப் பக்கவாட்டிலிருந்து மண் தள்ளினால் அது வளையும். கட்டடம் தன் எடையைத் தாங்குமா என்று கணக்கிடப்பட்டது. பின்னால் நிற்கும் மலை அதனைத் தள்ளினால் என்ன ஆகும் என்பது கணக்கிடப்படவில்லை.

1993ஆம் ஆண்டின் இறுதியில் மழை தொடர்ந்து பெய்தது. டிசம்பர்த் தொடக்கத்தில் குடியிருப்பாளர்கள் சாலையிலும் கட்டடத்தைச் சுற்றியும் விரிசல்களைக் கண்டனர். அவை நாளுக்கு நாள் அகன்றன. பனிமலையில் பயிற்சி பெற்ற ஓர் இளைஞனிடம் இந்த அறிகுறிகளைச் சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்பதை எண்ணிப் பார்க்கலாம். செங்குத்துச் சரிவு, பல நாள் தொடர்மழை, மேலே மரமிழந்த நிலம், காலடியில் விரிசல். அவன் குழி வெட்டக்கூட நின்றிருக்க மாட்டான். ஆனால் அங்கு வாழ்ந்தோர் மலையேறிகள் அல்லர். அது அவர்களுடைய வீடு. வாங்கும்போது மன்றத்தின் ஒப்புதல் இருந்தது, பொறியாளரின் கையொப்பம் இருந்தது. விரிசலுக்கு என்ன பொருள் என்று சொல்லும் கடமை யாருக்கு இருந்தது?

டிசம்பர் 11, சனிக்கிழமை. பிற்பகல் ஒன்றரை மணியளவில் முதற்கட்டடம் சாய்ந்து விழுந்தது. பின்னாலிருந்த வாகன நிறுத்துமிடத்தின் இரண்டாம் படிக்குப் பின்புறம் நின்ற உயர்ந்த சுவர் முதலில் இடிந்தது. அது தாங்கிய மண் இறங்கியது. அம்மண்ணைச் சார்ந்து நின்ற மேற்படி, பிறகு அதற்கும் மேற்படி என்று சரிவு கீழிருந்து மேல்நோக்கிச் சென்றது. இறங்கிய மண்ணின் அழுத்தம் தண்டவாளத் தூண்களை வளைத்தது. 48 பேர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டோர் மூவர். அவர்களுள்ளும் ஒருவர் பிழைக்கவில்லை. அந்நாட்களில் இத்தகைய மீட்புக்கென்று பயிற்சி பெற்ற தனிப்படை நாட்டில் இல்லை. 1994இல் சிறப்புத் தேடல் மீட்புப் படையை அமைக்க அரசு முடிவெடுத்ததற்கு இத்துயரமே காரணம்.

எஞ்சிய இரு கட்டடங்களிலிருந்தும் மக்கள் வெளியேறினர். பலர் இல்லாத வீட்டுக்குக் கடன் கட்டினர். நீதிமன்றம் சென்றவர்கள் இந்த இரு கட்டடங்களைச் சேர்ந்தவர்களே. 2000 ஆகஸ்டு 11இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் பூங் வழங்கிய தீர்ப்பு இந்நாட்டின் மண்சரிவு வரலாற்றில் முதன்மையான ஆவணம். வழக்கில் ஒவ்வொருவரும் தத்தம் எல்லையைச் சுட்டிக்காட்டினர். பொறியாளரின் எல்லை கட்டடம். பின்னாலிருந்த சரிவு வேறொருவர் பணி. மேட்டுநிலத்துக்கு உரிமை பெற்ற நிதி நிறுவனத்துக்கு அங்கே கட்டடம் இல்லை. நீதிபதி இவ்வாதங்களை ஏற்கவில்லை. சரிவின் அடியில் கட்டுபவர் சரிவையும் பார்த்தாக வேண்டும் என்றார். மேட்டுநிலத்தை வைத்திருப்பவர் தம் வடிகாலையும் சுவரையும் பேணாமல் விட்டால் கீழே இருப்பவர்க்குப் பொறுப்பாளி என்றார். கட்டுமான நிறுவனம், வரைபடம் வகுத்தவர், பொறியாளர், மேட்டுநில உரிமையாளர், மேலே மரம் வெட்டியவர்கள் என்று பொறுப்பு பங்கிடப்பட்டது.

ஊராட்சி மன்றமும் கடமையில் தவறியது என்று நீதிபதி கண்டார். ஆயினும் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு குறுக்கே நின்றது. கட்டடங்களுக்கு ஒப்புதல் வழங்குவதாலும் அவற்றைச் சோதிப்பதாலும் எழும் வழக்குகளிலிருந்து மன்றங்களை அப்பிரிவு காக்கிறது. கட்டடம் விழுவதற்கு முந்திய தவறுகளுக்கு மன்றத்தின்மேல் இழப்பீடு கோர முடியாது. விழுந்தபின்னும் சரிவை உறுதிப்படுத்தத் தவறியது என்னும் குற்றச்சாட்டு மட்டும் எஞ்சியது. அது மேல்முறையீட்டு நீதிமன்றம் சென்று, கூட்டரசு நீதிமன்றம் சென்று, 2006 பிப்ரவரி 17இல் அப்பொறுப்பிலிருந்தும் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் விடுவிக்கப்பட்டது. அக்கழகம் 1992இல்தான் உருவானது என்பதையும் மறத்தலாகாது. கட்டடங்கள் எழுந்த காலத்து மன்றம் வேறு, விழுந்த காலத்து மன்றம் வேறு. சட்டத்தின்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் விரிசலின் பொருளைச் சொல்லும் கடமை யாருக்கு என்னும் அந்தப் பழைய வினாவுக்கு, நெடிய வழக்குக்குப் பின்னும் முழு விடை கிடைக்கவில்லை.

இதே வினாவை எதிர்கொண்ட ஆசிய நகரம் ஹாங்காங். அதுவும் கருங்கல் சிதைந்த மண், அங்கும் பெருமழை, அங்கும் குன்றின்மேல் குடியிருப்பு. 1972 ஜூன் 18ஆம் நாள் ஒரே நாளில் சாவ் மாவ் பிங்கில் 71 பேரும் போ ஷான் சாலையில் 67 பேரும் மண்ணுக்குள் மாண்டனர். நான்கு ஆண்டுகளுக்குப்பின் சாவ் மாவ் பிங்கிலேயே மீண்டும் ஒரு சரிவு 18 உயிர்களைக் கொண்டது. 1977இல் அந்நகர அரசு மண்ணியல் கட்டுப்பாட்டு அலுவலகம் ஒன்றைத் தோற்றுவித்தது. மனிதர் வெட்டிய ஒவ்வொரு சரிவுக்கும் ஓர் எண் இட்டுப் பட்டியல் தொகுத்தனர். மழையளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் மண்சரிவு எச்சரிக்கை வெளியிட்டனர். இங்கே ஹைலண்ட் டவர்ஸ் கட்டப்பட்டதும் அங்கே அவ்வலுவலகம் பிறந்ததும் ஒரே காலம். ஆகவே, அந்நாளில் இவ்வறிவு உலகில் இல்லை என்று சொல்வதற்கில்லை.

ஹைலண்ட் டவர்ஸுக்குப் பின் மலை அமைதியாக இருந்துவிடவில்லை. 1995 ஜூன் 30இல் கெந்திங் மலைக்குச் செல்லும் சாலையில் மண்ணும் பாறையும் மரமும் சேறாகக் கலந்து பாய்ந்து இருபது பேரைக் கொன்றன. 2002 நவம்பர் 20இல், ஹைலண்ட் டவர்ஸுக்கு அருகிலேயே, தாமான் ஹில்வியூவில் ஒரு பங்களாவின்மேல் சரிவு இறங்கி எட்டுப் பேர் மாண்டனர். 2003 நவம்பரில் புக்கிட் லாஞ்சானில் பாறை சரிந்து விரைவுச்சாலை பல மாதங்கள் மூடப்பட்டது. உயிரிழப்பு இல்லாத அந்த நிகழ்ச்சியே பொதுப்பணித் துறையில் சரிவுப் பொறியியல் பிரிவு 2004இல் தோன்றக் காரணமாயிற்று என்பது ஒரு விந்தை. மனிதர் மாண்டபோது பிறக்காத அலுவலகம் சாலை மூடியபோது பிறந்தது என்று யாரேனும் கடுமையாகக் கூறினால் மறுமொழி சொல்வது எளிதன்று. 2008 டிசம்பர் 6ஆம் நாள் விடியற்காலையில் புக்கிட் அந்தாராபங்சாவிலேயே பதினான்கு பங்களாக்கள் அழிந்தன. அங்கும் உயிர்கள் மாண்டன. 2011 மே 21இல் உலு லங்காட்டில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தின்மேல் மண் சரிந்து 16 பேர் இறந்தனர், பெரும்பாலோர் சிறுவர். 2009 முதல் 2023 வரைக்கான தேசியச் சரிவுப் பெருந்திட்டம் நடைமுறையில் இருந்தபோதே, 2022 டிசம்பர் 16ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின் பத்தாங் காலியில் கூடாரங்களில் உறங்கியவர்கள்மேல் மலை இறங்கியது. மாண்டோர் 31 பேர். அது பள்ளி விடுமுறைக் காலம்.

இப்பட்டியலில் வசதி படைத்தோர் குடியிருப்புகள் மிகுந்திருப்பதால், மலைச்சரிவு பணக்காரர் துன்பம் என்று எண்ணிவிடக்கூடாது. மலையில் தமிழர் தம் விருப்பத்தால் குடியேறிய இடங்கள் குறைவு. வேலைக்காகக் குடியமர்த்தப்பட்ட இடங்களே மிகுதி. இலங்கையின் கொசுலாந்தைக்கு அருகில் மீரியபெத்தை தோட்டத்து லயன் வீடுகளை 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுக என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அங்கே மலையைப் படித்தவர் இருந்தனர். படித்ததைச் சொல்லவும் சொன்னார்கள். சொன்னது லயனுக்குள் வாழ்ந்தவர்க்கு ஒரு மாற்று வீடாக மாறவில்லை. கேரளத்தின் மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மாண்ட 70 பேரும் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர், பெரும்பாலும் தமிழர். அவர்களுடைய லயன்கள் மலைமடிப்பின் கீழே, நீர் இறங்கும் வழியில் இருந்தன. வேலைக்கும் நீருக்கும் அருகில் இருக்கவேண்டும் என்றே அக்காலத்தில் அவ்விடம் தெரிந்தெடுக்கப்பட்டிருக்கக்கூடும்.

உலு கிள்ளானில் இன்று சரிவுகள் கோணத்தை ஓர் அடிப்படையாகக் கொண்டு நான்கு வகுப்புகளாகப் பிரித்துப் பார்க்கப்படுகின்றன. 15 பாகைக்குக் குறைந்தவை முதல் வகுப்பு, 35 பாகைக்கு மேற்பட்டவை நான்காம் வகுப்பு. வகுப்பு என்பது சரிவின் பிறப்புச் சான்றிதழ் போன்றது. அதன் இன்றைய உடல்நிலையை அது கூறாது. பத்து நாள் மழைக்குப் பின் அதே சரிவு வேறொரு சரிவு. டாவோஸில் குளிர்கால மாலைதோறும் ஐந்து மணிக்கு மறுநாளுக்கான அறிக்கை வெளிவருவது இதனால்தான். மலை நேற்றிருந்ததுபோல் இன்றில்லை என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

அத்தகைய நாள்தோறுமான நோக்கை மக்களிடம் கொண்டுசெல்லப் பொதுப்பணித் துறையின் சரிவுப் பிரிவு முயன்று வந்துள்ளது. கற்றல், கண்காணித்தல், பேணுதல், அறிவித்தல் என்னும் நான்கும் அதன் பரப்புரையில் இடம்பெற்றன. அதில் கூறப்படும் அறிகுறிகள் கருவி வேண்டாதவை. நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்தல். வாசற்கதவு திடீரென இறுகுதல். சாலையிலோ சரிவின் உச்சியிலோ பிறைவடிவில் விரிசல் தோன்றுதல். தெளிவாக வடிந்த நீர் கலங்கி வருதல். வடிகால் வெடித்து நீர் அதற்குள் ஓடாமல் மண்ணுக்குள் இறங்குதல். தாங்குசுவர்களில் வரிசையாக அமைந்த சிறு துளைகளையும் பார்க்கவேண்டும். சுவருக்குப் பின்னால் சேரும் நீரை வெளியேற்றவே அத்துளைகள் வைக்கப்படுகின்றன. மழை விட்ட மறுநாள் அவற்றில் நீர் வடிந்தால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. பெருமழைக்குப் பின்னும் அவை உலர்ந்து கிடந்தால், நீர் வேறெங்கோ தங்கியிருக்கிறது. அன்றைக்கே அழைக்க வேண்டியது ஊராட்சி மன்றத்தை.